குடும்பத்தில் இல்லாத ஒருவர்

நான் மதம் மாறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் நான் உளவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறேன் என்ற செய்தி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வந்து அதைத்தான் கேட்டார்கள். நேரே கேட்கவில்லை, எங்கள் ஊரில் யாரும் எதையும் நேரே கேட்பதில்லை. பாடம் ஆரம்பிக்கும் முன்னால் ஜெபமெல்லாம் உண்டாமே என்பார்கள். சிலுவை மாட்டிய அறையில்தான் உட்கார வேண்டுமாமே என்பார்கள். நான் உட்கார்ந்திருந்தது என் வீட்டு மாடி அறையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. கல்லூரி இருந்தது எங்கோ ஒரு மலை ஊரில். நடுவில் இருந்தது ஒரு லேப்டாப்.

என்னைப் பெற்ற உம்மாவுக்கும் முதலில் கலக்கம்தான். ஆனால் ஊர் பேசப் பேச உம்மாவுக்கு வீம்பு ஏறிவிட்டது. "ஜெபந்தானே பண்றாக, களவெடுக்கவா சொல்லிக் குடுக்குறாக" என்று சொல்லி, விசாரிக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிவைத்தார். அதன் பிறகு நான் வகுப்பில் இருக்கும்போது கீழே மிக்ஸி ஓடாது. அது உம்மா எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

அந்தக் கல்லூரியைத் தேடிப் பிடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பட்டப்படிப்பு முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். மகள் வளர்ந்து அவளையும் மதுரையில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த பிறகு, வீடு என்னைப் பார்க்க நான் வீட்டைப் பார்க்க என்று பொழுது போனது. மேலே படிக்கலாம் என்று தேடினேன். வகுப்பு நேரம் எனக்கு ஒத்து வந்தது அந்த ஒரு இடத்தில்தான். சேர்ந்துவிட்டேன். உளவியல் எதற்கு என்று என் கணவர் போனில் கேட்டார். மனுசன் மனசுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன். "எம் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்" என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அவர் சவுதியில் ஒரு பெரிய கடையின் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துவந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி போனில்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். விருந்து நடக்கும். போய்விடுவார். இராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் மாதிரி ஊர்களில் இது அதிசயமே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் எத்தனை வருடமானாலும் என் கணவர் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைதான். உம்மா இன்றைக்கும் அவர் முன்னால் வந்து நின்று பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொல்வார்.

வகுப்பெடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், ஆனால் என்னை அம்மா என்பார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஒவ்வொரு வகுப்பையும் ஒரு மாணவர் முறைவைத்து ஜெபம் சொல்லித் தொடங்க வேண்டும். என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. உங்கள் வழியில் எது உண்டோ அதைச் சொல்லுங்கள் அம்மா என்றார் சிஸ்டர். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உம்மாவிடம் கேட்டேன். குர்ஆனில் முதலில் வரும் அல்ஹம்து சூராவை ஓது, அதில் யாருக்கு என்ன குறை என்றார். ஓதினேன். தமிழில் பொருளும் சொன்னேன்.

முடித்த பிறகு அந்தப் பக்கம் ஒரே அமைதி. எல்லோருடைய மைக்கும் அணைந்திருந்தது. முக்கால்வாசிப் பேருடைய கேமராவும் அணைந்திருந்தது. வெறும் கறுப்புக் கட்டங்கள். கோபமா, மரியாதையா, இல்லை எனக்குத்தான் நெட் போய்விட்டதா என்று புரியாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் யாரோ ஒருவர் கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினார். சிஸ்டர் நன்றி சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போனார். அது நல்ல அமைதியா கெட்ட அமைதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் மனசைப் பற்றிப் படிப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அதற்குப் பிறகு, கேட்பது எப்படி என்று ஒரு பாடம் வந்தது. காது இருக்கிறது, கேட்கப்போகிறோம், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். சிஸ்டர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் ஆலோசனை சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. எனக்கும் இப்படித்தான் என்று நம் கதையை எடுத்துவிடக் கூடாது. அவர் சொன்னதையே நம் வார்த்தையில் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதி அவருடையது, அதை நீங்கள் எடுத்து நிரப்பாதீர்கள் என்றார் சிஸ்டர். இதை ஒரு ஆளிடம் அரை மணி நேரம் செய்துபார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஆள் குடும்பத்தில் இல்லாத ஒருவராக இருக்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை.

சிஸ்டர் பிறந்த ஊரில் குடும்பத்தில் இல்லாதவர்கள் இருந்திருப்பார்கள். எங்கள் தெருவில் கிடையாது. எதிர் வீடு சாச்சி, உம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பக்கத்து வீடு மாமி முறை. அதற்கு அடுத்த வீடு சாச்சியின் நாத்தனார் வீடு. பள்ளிவாசல் திருப்பம் வரை நடந்து போனாலும் யாரோ ஒருவர் எனக்கு ஏதோ ஒரு முறை. வெளி ஆள் என்று பார்த்தால் காலையில் மீன் கொண்டுவரும் அம்மாதான். அவரைக் கேட்டேன். உட்கார்ந்து கதை பேசினால் மீன் யார் வீட்டில் கெட்டுப்போகும் என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயமான கேள்விதான்.

சரி, சாச்சிதான் என்று முடிவு செய்தேன். கூடப்பிறந்த தங்கை உம்மாவுக்குத்தானே, எனக்கு இல்லையே என்று ஒரு சமாதானம். சாச்சிக்கு டீ போட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். சாச்சிக்கு இருக்கும் ஒரே குறை மகன். அவன் பெண்டாட்டி வீட்டுக்குப் போனவன்தான், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு பெற்றவளை எட்டிப் பார்ப்பதில்லை. அதைச் சொன்னார். மகன் வந்து பார்க்காதது உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது என்று நான் திருப்பிச் சொன்னேன். சாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதத்தானே புள்ள இம்புட்டு நேரமாச் சொல்றேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாச்சி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் சாச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நேரே அடுப்படிக்குப் போய், ஒம் மவளுக்குப் படிப்பு தலைக்கேறிப்போச்சு, ஒரு மனுசி கண்ணீர் விடுறா, இவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சாச்சியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒருவர் வலி என்று சொன்னால் இன்னொருவர் தைலம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஓத ஒரு துஆ. இல்லையென்றால் மதுரையில் ஒரு டாக்டர். எதுவுமே சொல்லாமல் இருந்தால் நமக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம். பேசாமல் இருப்பதற்கு இங்கே இரண்டே அர்த்தம்தான். ஒன்று கோபம், இன்னொன்று சம்மதம்.

எழுதி அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குடும்பத்தில் இல்லாத ஒருவர். கணக்காகப் பார்த்தால் என்னைவிட்டு ரொம்ப தூரத்தில் இருக்கும் ஆள் யார்? முகத்தைவிடக் குரலாகவே அதிகம் தெரிந்த ஆள் யார்? சாயங்காலத்தில் என்ன செய்வார், யாரோடு சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று எனக்குத் தெரியாத ஆள் யார்? என் கணவர்தான். இது குயுக்தி என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தபோது பொய்யாகவும் படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்மா முடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். எங்களுக்கு அஸர் தொழுகை நெருங்கும் நேரமாக இருக்கும். எங்கள் பேச்சுக்கு ஒரு பாதை உண்டு. சாப்பிட்டாச்சா, சோத்துக்கு என்ன ஆனம், மகள் போன் பண்ணினாளா, உம்மாவுக்குச் சுகர் எப்படி, சரி வைக்கவா. அன்றைக்கு அவர் முதுகு வலி விடமாட்டேன் என்கிறது என்றார். மற்ற நாளாக இருந்தால் தைலம் தேய்த்தீர்களா, அந்த மூட்டையைக் குனிந்து தூக்காதீர்கள் என்று ஆரம்பித்திருப்பேன். அன்று முதுகு உங்களைப் பாடாய்ப் படுத்துகிறது என்று மட்டும் சொன்னேன்.

ஆமாம் என்றார் அவர். பிறகு பேச ஆரம்பித்தார். கூட அறையில் இருந்த பரமக்குடிக்காரர் போன மாதம் மொத்தமாக ஊருக்குப் போய்விட்டாராம். பல வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வெறும் கட்டிலைப் பார்க்க முடியாமல் அதன்மேல் துவைத்த துணிகளைப் பரப்பி வைத்திருக்கிறாராம். தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறாராம். இத்தனை வருடத்தில் இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டாரா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அவர் போனதிலிருந்து உங்களுக்கு அறைக்குள் இருக்கவே பிடிக்கவில்லை என்றேன். நீளமாக ஒரு அமைதி. அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. என் நாக்கு துறுதுறு என்றது. கொஞ்சம் பொறுத்துக்கங்க மச்சான், இன்னும் ரெண்டே வருசம் பாருங்க. இதுதான் நான் வழக்கமாகச் சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"வந்துரலாமான்னு இருக்கு புள்ள" என்றார்.

"வந்துரலாமான்னு இருக்கு உங்களுக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அந்த அமைதி அவருடையது, நான் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. கடைசியில் அவரே சரி புள்ள, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். எனக்கோ பரீட்சையில் பாஸான சந்தோஷம். உட்கார்ந்து எழுதினேன். பெயரும் உறவும் எழுதக் கூடாது என்பது விதி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நடுவயது ஆண் என்று மட்டும் எழுதினேன். இன்னொருவரின் அமைதியை உங்களால் தாங்க முடிகிறது, நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று சிஸ்டர் பதில் எழுதியிருந்தார். அதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சும்மா இருந்ததுக்கா மார்க் போடுறாக என்று உம்மா கேட்டார்.

அதே வாரம் அவர் கூப்பிட்டார். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன், பாஸ்போர்ட்டில் எக்ஸிட் விசா அடித்துவிட்டார்கள், அடுத்த மாதம் வாரேன் என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். லீவா என்றேன். மொத்தமாக என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

"கேட்டேனே. வந்துரலாமான்னு இருக்குன்னு சொன்னேன். எப்பச் சொன்னாலும் இன்னும் ரெண்டு வருசம் பாருங்கம்ப. அன்னைக்குத்தான் நீ வேணாம்னு சொல்லல. நிக்காஹ் அன்னைக்கு மட்டும் வாயத் திறந்தா சொன்ன? பேசாம இருந்த. அதுதானே சம்மதம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அதுதான்.

நிக்காஹ் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் இருப்பாள். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். அதற்கு முன்னால் வாப்பா இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு வந்து என்னிடம் சம்மதம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். வெட்கப்படும் பெண்ணைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்பது எங்களுக்கு ஒரு கரிசனமாகச் சொல்லப்பட்ட வழி. பக்கத்தில் இருந்த சாச்சி, சரிங்கிறா சரிங்கிறா என்றார். வாப்பா எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்.

அவர் வருகிறார் என்றதும் எனக்குச் சந்தோஷம் வந்ததா? வந்தது, பொய் சொல்லக் கூடாது. கூடவே கண் மாடி அறையை ஒருமுறை சுற்றி வந்தது. இந்த வீடு என்னுடையது, இந்த மாடி அறை, இந்த நேரம், இந்தப் படிப்பு எல்லாம் என்னுடையது என்று இருந்தேன். அவருக்கு இதில் எங்கே இடம் போடுவது என்று தெரியவில்லை. அதை நினைத்த மறுநிமிடம், நின்றுகொண்டு சாப்பிடும் மனிதனுக்கு இடம் இல்லை என்கிறாயே, நீ என்ன பெண் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். உளவியல் படிக்கிறேன் என்றுதான் பெயர். என் மனசு எனக்கே பிடிபடவில்லை.

வந்தார். முதல் வாரம் நெய்ச்சோறு, கறி, தொதல் என்று உம்மா அமர்க்களப்படுத்தினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உம்மா அதைக் கூடுதலாகவே இழுத்தார். பிறகு மூச்சு வாங்கியது. ஒருநாள் என்னை அடுப்படி மூலைக்கு இழுத்துக்கொண்டுபோய், "மாப்புள எப்பப் போறாக?" என்று காதோடு கேட்டார். போகமாட்டாக உம்மா, மொத்தமா வந்தாச்சு என்று நான் மறுபடியும் சொன்னேன். உம்மா தலையை ஆட்டிவிட்டு, அது தெரியும், ஆனா எப்பப் போறாக என்றார். உம்மாவுக்கும் என்னைப் போலத்தான்.

அவரும் சும்மா இருக்கத் தெரியாத ஆள். கிடங்கில் சரக்கு அடுக்கிப் பழகிய கை. ஒருநாள் நாங்கள் சாச்சி வீட்டுக்குப் போய்வருவதற்குள் அடுப்படி அலமாரி முழுவதையும் இறக்கி, பழைய சரக்கு முன்னால் புதியது பின்னால் என்று தன் கணக்கில் அடுக்கிவைத்துவிட்டார். உம்மாவுக்கு மிளகாய்த்தூளைக் காணோம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மொளகாத்தூள் எங்கன இருக்குன்னு கேளு புள்ள என்றார். இரண்டாவது தட்டில் வலது பக்கம் என்று சொல்லு என்றார் அவர். நான் நடுவில் நின்றேன். என் வீட்டு மிளகாய்த்தூளுக்கு நான் மொழிபெயர்ப்பாளராகிவிட்டேன்.

வகுப்பு நேரம்தான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. திருப்பிச் சொல்லும் பயிற்சியில் சிஸ்டர் எதையாவது முக்கியமாகச் சொல்லும்போது கதவு தட்டப்படும். டீ வேணுமா புள்ள. சார்ஜர் எங்கன இருக்கு. மழை வார மாதிரி இருக்கு, கொடியில துணி கிடக்கே. நான் கண்ணால் அதட்டினால் போய்விடுவார். போய் எங்கே போகிறார்? மாடிப் படியின் மேல்படியில் உட்கார்ந்துகொள்வார். கதவின் அடியில் அவர் நிழல் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் வந்ததே என்று பிறகு அழுகையாக வரும்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். சிஸ்டர், அந்த வெளிநாட்டு ஆள் என் வீட்டுக்காரர், நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்றேன். இதற்குத்தான் குடும்பத்தில் வேண்டாம் என்றேன் என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அம்மா என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேள்விக்குக் கேள்வி கேட்காதீங்க சிஸ்டர், அவர் வந்தது எனக்கு வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க என்றேன்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்குக் கல்யாணமே ஆகலையே" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நான் கேக்கத்தான் சொன்னேன். உங்களைப் பேச வேண்டாம்னு சொல்லலை."

அதைக் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். மூடிய பிறகும் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. பேச வேண்டும் என்பது சரி. என்னத்தைப் பேச?

பேச வேண்டிய நாள் தானாக வந்தது. அவருடைய பழைய மேனேஜர் கூப்பிட்டிருந்தார். மூட்டை தூக்கும் வேலை இல்லை, ஆபீசுக்குள் உட்கார்ந்து சரக்குப் பதிகிற வேலை, விசா தயாராக இருக்கிறது, மறுநாளைக்குள் பதில் வேண்டும் என்றாராம். வெள்ளிக்கிழமை. ஜும்மா முடித்துச் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் பாயை விரித்து, கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்குக் கீழே உட்கார்ந்தார். எப்போதும் போன் வரும் நேரம். இந்த முறை ஆளே வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சொன்னதையெல்லாம் சொன்னார்.

"போகவா, இருக்கவா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். போறதா இருக்கிறதான்னு உங்களுக்குக் குழப்பமா இருக்கு என்று பாதி வந்துவிட்டது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது வேணாம் புள்ள. நீ சொல்லு."

சொல்லத்தான் பார்த்தேன். போங்க என்று சொன்னால் அந்த வெறும் கட்டில் கண்ணில் நின்றது. இருங்க என்று சொல்ல வந்தால் கதவடியில் நிழல் தெரிந்தது. இரண்டு வருசம் பாருங்க என்று இத்தனை காலம் சொன்னேனே, அது அவருக்காகவா எனக்காகவா? அதுவும் தெரியவில்லை.

"தெரியல மச்சான்" என்றேன்.

"உனக்குத் தெரியல" என்றார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "இப்புடித்தானே திருப்பிச் சொல்லணும்? படியில உக்காந்து கேட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. அவர் தைலம் சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டியது, நகரவில்லை. அப்போதுதான் எனக்கு அது வாயில் வந்தது. அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"நிக்காஹ் அன்னைக்கு வாப்பா கேட்டப்பயும் எனக்குத் தெரியாது மச்சான். சரின்னு சொன்னது சாச்சி."

சொன்ன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அவர் பேசவில்லை. கோபமா, வருத்தமா, பாடத்தில் கேட்டதைச் செய்கிறாரா? கறுப்புக் கட்டம் இல்லை, முகம் எதிரேதான் இருந்தது. இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த அமைதியை எதையாவது போட்டு மூடிவிட வேண்டும் போலத் தவித்தேன்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்றார் கடைசியில். "உன்னயாச்சும் சும்மா இருக்க விட்டாக. என்னய நிக்காஹ் ஓதிவச்ச ஆலிம்சா சொல்லச் சொன்னாரு. அவரு சொல்லச் சொல்ல அப்புடியே திருப்பிச் சொன்னேன். ஒன் வாப்பாதான் என் கையப் புடிச்சிருந்தாக. எம்புட்டு நடுங்குச்சுன்னு அவுகளுக்குத்தான் தெரியும்."

வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருடமாகிறது. அந்தக் கை நடுங்கியதை வாப்பா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கீழே உம்மா அடுப்படியில் எதையோ தேடி டப்பாக்களை உருட்டுவது கேட்டது. மறுபடியும் மிளகாய்த்தூளாகத்தான் இருக்கும். எனக்கு அவர் கையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்தேன். அட்டைப்பெட்டி அறுத்த தழும்புகளோடு முழங்காலின்மேல் இருந்தது.

"இருங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் ஏன் சொன்னேன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. அடுத்த நாளே எரிச்சல் வரும் என்றும் தெரியும், வந்தது. ஆனால் சொன்னது என் வாய். "இருங்க மச்சான். ஆனா நான் கிளாஸ்ல இருக்கயில கதவத் தட்டாதீங்க. மொளகாத்தூள உம்மா வச்ச எடத்துலயே வச்சிருங்க."

அவர் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கேன்" என்றார். "கிளாஸ்ல இருக்கயில கதவத் தட்ட மாட்டேன். மொளகாத்தூள மாமி வச்ச எடத்துலயே வச்சிர்றேன்."

ஒன்று விடாமல், நான் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொன்னார். நிக்காஹ் அன்று அவர் பள்ளிவாசலில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் இருந்தேன். இதைத்தான் முதன்முதலாக என் காதால் கேட்டேன்.